நல்லவர்கள் என்பதால்தான் எங்களை மீண்டும் தெரிவு செய்ய வேண்டாம்

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் இயற்கை நடைக் குழுவின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடைபெற இருக்கிறது. தலைவரும் பொருளாளரும் செயலாளராகிய நானும் ஆறு ஆண்டுகளாக அதே கதிரைகளில் அமர்ந்திருக்கிறோம். சென்ற முறை நிர்வாகத் தெரிவு நான்கு நிமிடத்தில் முடிந்தது. "பழைய நிர்வாகமே இருக்கட்டும்" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள், தேநீர் வந்துவிட்டது. இந்த முறை கை தட்டல் தொடங்குவதற்கு முன்னமே என் கருத்தை எழுதி வைத்துவிட விரும்புகிறேன். எங்கள் மூவரில் எவரையும் மீண்டும் தெரிவு செய்யாதீர்கள்.

தலைவர் ஐயாவை அறிந்தவர்களுக்கு இது நன்றிகெட்ட பேச்சாகத் தோன்றலாம். அறுபத்தெட்டு வயதில், முழங்கால் வலியோடு, ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குக் குளத்தின் மதகான துருசடியில் வந்து நிற்கிற மனிதர் அவர். நாங்கள் செய்கிற வேலை வெளியூரார் கண்ணுக்குச் சிறியதாகவே தெரியும். மாதம் ஒருமுறை பிள்ளைகளையும் பெரியவர்களையும் குளக்கட்டு வழியே காட்டோரம் வரை அழைத்துச் செல்கிறோம், குளக்கட்டில் கிடக்கும் பொலித்தீன் பைகளையும் போத்தல்களையும் பொறுக்குகிறோம், குளத்து நீரோரமான அலைகரையில் மருதங்கன்றுகளை நட்டு மாடு கடிக்காமல் முள்வேலி கட்டுகிறோம், சனவரியில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறோம். இவற்றுக்கு ஒருவருக்கும் சம்பளம் இல்லை.

ஆனால் வன்னியில் ஒரு குழுவை முன்னால் நின்று அழைத்துச் செல்வது லேசான காரியமன்று. மற்ற ஊர்களில் நல்ல சப்பாத்தும் தண்ணீர்ப் போத்தலும் போதும் என்பார்கள். இங்கே முன்னால் நடப்பவர் எந்த நிலம் மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது, அகற்றும் பணியோ இன்னும் முடிந்தபாடில்லை. சிவப்புப் பலகையில் வரைந்த மண்டையோட்டை எங்கள் பிள்ளைகள் அரிச்சுவடியோடு சேர்த்துக் கற்றவர்கள். பலகை கழற்றப்பட்ட இடத்திலும் மாரி மழை மண்ணை அரிக்கும்போது ஏதாவது மேலே வந்துவிடலாம் என்பதால், வண்டிப் பாதையை விட்டு ஓரடியும் விலகக் கூடாது, இரும்பாகத் தெரியும் எதையும் குனிந்து எடுக்கக் கூடாது என்பவை எங்கள் குழுவின் முதல் இரண்டு விதிகள். அதற்குப் பிறகுதான் மற்றவை எல்லாம். எந்தக் காட்டுக்கு வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், யானை தண்ணீருக்கு இறங்கும் துறை எது, முதலை வெயில் காயும் மேடு எது, இந்த ஆண்டு எந்த மருதமரத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறது, சருகுக்குள் புடையன் பாம்பு படுக்கும் இடம் எங்கே என்பதெல்லாம் எந்தக் கொப்பியிலும் எழுதப்படவில்லை. ஒரே ஒரு மனிதரின் தலைக்குள் இருக்கின்றன.

அந்த மனிதர் சென்ற மார்கழியில் காய்ச்சலோடு இரண்டு வாரம் வைத்தியசாலையில் கிடந்தார். நடையை நிறுத்தினோம். அத்தோடு சனவரிக் கணக்கெடுப்பும் நின்றது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் சனவரியை ஒட்டி நடைபெறுகிறது. ஒரே குளத்தில், ஒரே காலத்தில், ஒரே முறையில், ஆண்டு தவறாமல் எண்ணினால்தான் ஊசிவால் வாத்து கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல முடியும். எங்கள் கொப்பியில் ஐந்து ஆண்டுக் கணக்குக்குப் பிறகு ஒரு வெற்றுப் பக்கம் கிடக்கிறது. மன்னார் வங்காலை 2008 இல் சரணாலயமாகி 2010 இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது என்றால், அங்கே ஆயிரக்கணக்கில் கூடும் பறவைகளை எண்ணிச் சொல்ல ஆட்கள் இருந்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். எண்ணப்படாத குளம் அதிகாரிகளின் வரைபடத்தில் வெறும் நீலப் புள்ளிதான். அந்த வெற்றுப் பக்கத்துக்கு ஐயாவின் காய்ச்சலைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு ஆண்டுகளில் அவரிடமிருந்து ஒருவரேனும் கற்றுக்கொள்ளும்படி நிர்வாகம் ஏற்பாடு செய்யவில்லை, அந்த நிர்வாகத்தின் செயலாளர் நான்.

என் பக்கத்துப் பிழை இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் பாலைப்பழக் காலத்தில், ஐயாவுக்கு ஊரில் செத்தவீடு ஒன்று வந்துவிட்டதால், நடையை நான் முன்னின்று நடத்தினேன். பாலைப்பழத்தைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மஞ்சள் முத்துப் போன்ற பழத்தை நாலைந்து தின்றதும் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், பேச்சு குழறும், பிள்ளைகளுக்கு அதுவே பெரிய விளையாட்டு. கிளையை முறிக்காமல் பறிக்க வேண்டும் என்ற விதியைச் சொல்லிக்கொடுப்பதில் நான் மும்முரமாக இருந்தேன். திரும்பி வந்து குளக்கட்டில் ஏறியபோது இருபத்திரண்டு பேர் நின்றார்கள். போனது இருபத்திரண்டு பேரா இருபத்து மூன்று பேரா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, அவ்வளவு அழகு என் தலைமை. ஒரு தாய் தன் மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நாற்பது நிமிடம் தேடினோம். பையன் அலைகரையில் ஒரு கல்லின் மேல் இருந்து, தங்கைக்குக் கொண்டுபோகச் சேர்த்த பழங்களைச் சேட்டு முனையில் கட்டிக்கொண்டிருந்தான். அவன் பாதையை விட்டு விலகவில்லை, ஏனென்றால் முதல் விதி அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

அன்று மாலை ஐயா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "ஆள் ஒண்டுக்குக் கொட்டை ஒண்டு, பிள்ளை. போகேக்க இடப்பக்கப் பையில போடு, வந்து ஏற ஏற வலப்பக்கம் மாத்து. கடைசிக் கொட்டை மாறுற வரைக்கும் ஒருத்தரோடயும் கதையாத" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான் எண்ணி வந்திருக்கிறார். அவ்வளவு காலமும் அவருக்குப் பின்னால் நடந்த நாங்கள் ஒருவரும் அவருடைய பையைக் கவனிக்கவில்லை. அதன் பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. புளியங்கொட்டை குழுவின் வழக்கமானது, கடைசி ஆளாக நடப்பதற்கென்று ஒருவரை நியமிக்கத் தொடங்கினோம். வால்பக்கம் நடப்பவருக்கு முன்னால் காட்டும் பறவை ஒன்றும் தெரியாது, அவர் போய்ச் சேருவதற்குள் அது பறந்துவிடும். களைத்தவரோடும் செருப்பறுந்தவரோடும் அவர் நடக்க வேண்டும். ஒரு வருடமாவது வால்பக்கம் நடக்காத எவரையும் தலைவர் பதவிக்கு முன்மொழியக் கூடாது என்று குழுவின் விதித்தொகுப்பான யாப்பில் சேர்க்கும்படி ஞாயிற்றுக்கிழமை கேட்க இருக்கிறேன்.

பதவிக்காலம் பற்றிய என் கருத்து புதிதன்று. எங்கள் குளங்களுக்கு வட்டவிதானைமார் இருந்தார்கள். துருசு திறக்கும் நாளையும் எந்த வாய்க்காலுக்கு முதலில் தண்ணீர் என்பதையும் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கமக்காரர் விளைச்சலில் ஒரு பங்கு நெல் அளந்தார்கள். 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் அந்த முறையை எடுத்துவிட்டது, பெயர் மட்டும் எங்கள் பக்கத்துப் பேச்சில் இன்றும் கிடக்கிறது. பெரியவர்கள் பொது வேலை செய்தவரின் வயிற்றை மறக்கவில்லை. நாங்களோ ஐயாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் பொன்னாடை போர்த்துகிறோம். பொன்னாடைகள் அவர் வீட்டு அலுமாரியில் மடித்தபடி இருக்கின்றன, பிரதேச செயலகத்துக்கும் வன அலுவலகத்துக்கும் அவர் ஓடிய மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கு ஒரு சதமும் கொடுத்ததாகக் கணக்கறிக்கையில் இல்லை. கேட்டால் "தொண்டுக்குக் காசா?" என்பார். அவர் அப்படிச் சொல்வது அவருடைய பெருமை. அதைச் சாட்டாக வைத்து நாங்கள் சும்மா இருப்பது சரியில்லை. அடுத்து வருகிறவர் கூலி வேலை செய்யும் இளைஞராக இருந்தால், ஒரு சனிக்கிழமைச் சம்பளத்தை இழந்து, கைக்காசில் எண்ணெய் அடித்து எத்தனை மாதம் வருவார்?

புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பிய பணத்தில் நல்ல தொலைநோக்கிகள் நான்கு வாங்கினோம், நன்றி மறவோம். இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொலைநோக்கிக்கும் ரீசேட்டுக்கும் பதாகைக்கும் பணம் கேட்டால் ஒரு கிழமைக்குள் வருகிறது, இரண்டு இளைஞர்களை முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்றால் "படம் இருக்கா?" என்ற கேள்வி வருகிறது. பாம்பு கடித்தவரை எப்படிக் கிடத்துவது என்று ஒருவர் கற்றுக்கொண்டதைப் படம் எடுத்து அனுப்ப முடியாது.

2018 யூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஊருக்குள் வந்த சிறுத்தை பலரைக் காயப்படுத்தியது, கூடிய சனம் அதை அடித்துக் கொன்றது, அந்தக் காணொளி நாடு முழுக்கப் பரவியது. காயப்பட்டவர்களின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன், தன் வீட்டு வேலிக்குள் சிறுத்தையைக் கண்டவருக்குப் பாதுகாப்புப் பற்றிப் பாடம் எடுக்க எனக்கு வாய் வராது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்தாலும் அவர்கள் மயக்க ஊசியோடு வந்து சேர நேரம் எடுக்கும். அந்த இடைப்பட்ட நேரத்தில் சனத்தைப் பின்னால் தள்ளி, நாய்களைக் கட்டச் சொல்லி, அது போவதற்கு ஒரு பக்கத்தைத் திறந்து விடச் சொல்ல ஊருக்குள்ளேயே ஒரு குரல் வேண்டும், அந்தக் குரலுக்குச் சனம் கட்டுப்பட வேண்டும். மாதாமாதம் தன் பிள்ளையை எண்ணிக் கூட்டிப்போய் எண்ணிக் கொண்டுவந்து விடுகிறவரின் சொல்லை ஊர் கேட்கும். எங்கள் ஊரில் இன்று அப்படி ஒருவர்தான் இருக்கிறார். ஐந்து பேராவது வேண்டும் என்கிறேன்.

"வேறு ஆர் இருக்கினம்?" என்று ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கேட்பார்கள். ஆறு ஆண்டுக்கு முன் என்னைச் செயலாளராக்கிய காரணம் என் எழுத்து அழகாக இருக்கிறது என்பது. நான் ஒன்றும் விதிவிலக்கில்லை, எங்கள் ஊர்ச் சங்கங்கள் பலவற்றில் கூட்ட அறிக்கை எழுதுவதும் தேநீர் ஊற்றுவதும் பெண்களின் பங்கு, முன்னால் நடப்பது ஆண்களின் பங்கு. விறகுக்கும் பழத்துக்கும் சிறு வயதிலிருந்து அந்தக் காட்டுப் பாதையில் நடந்த பெண்கள் நான்கு பேர் எங்கள் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சென்ற மாதம், ஐயா கவனிப்பதற்கு முன்னமே, ஈரமண்ணில் யானைத் தடத்தைப் பார்த்து விளிம்பு இன்னும் உதிரவில்லை, இப்போதுதான் போயிருக்கிறது என்று சொல்லிக் குழுவைத் திருப்பினார். ஐயா அவரைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் அவரை எந்தப் பதவிக்கும் இதுவரை எவரும் முன்மொழியவில்லை, நான் உட்பட.

தலைவராக இல்லாத ஐயா எங்களுக்கு இன்னும் அதிகம் பயன்படுவார் என்பது என் நம்பிக்கை. இப்போது கடிதங்களிலும் கையொப்பங்களிலும் போகிற அவருடைய நாட்கள் அப்போது பாதைகளைச் சொல்லிக்கொடுப்பதில் போகும். இதை அவரிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கும் முழங்கால் ஏலாது, பிள்ளை. ஆனால் நானா விட்டால் ஓடிட்டான் எண்டு சொல்லுவாங்கள், நீங்களா விடச் சொல்லுங்கோ" என்றார்.

அறிக்கைப் புத்தகம், கணக்குக் கொப்பி, தொலைநோக்கிப் பெட்டியின் திறப்பு மூன்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மேசையின் மேல் இருக்கும். அதற்கு முதல் நாள் சனிக்கிழமை வழமையான நடை உண்டு. ஐந்தரைக்குத் துருசடியில் நிற்பேன். அன்று வால்பக்கம் நடப்பது நான், ஐயா நடுவில் வருவார். முன்னால் நடக்க விரும்புகிறவர் இரண்டு பை உள்ள சேட்டோ சட்டையோ போட்டுக்கொண்டு வரவும், புளியங்கொட்டை நான் கொண்டு வருகிறேன்.