முதியோரின் தனிமை: '15 சிகரெட்' கணக்குக்கு ஒரு திருத்தம்

பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்க, குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளில் தனி வீட்டில் வசிக்கும் முதியவர் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 15 சிகரெட் புகைப்பவருக்குச் சமமான ஆபத்தில் இருப்பதால், அவர்களைக் காப்பகத்தில் சேர்ப்பதே நல்லது என்று சொல்லப்படுவது சரியன்று. அமெரிக்க உளவியலாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்விலிருந்தே இந்த ஒப்பீடு பரவியது. 148 ஆய்வுகளையும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரையும் உள்ளடக்கிய அதில், வலுவான சமூக உறவுகள் உடையவர்கள் உயிருடன் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் தனியாக வசிக்கிறாரா, பிறருடன் வசிக்கிறாரா என்பதை மட்டும் வைத்து அளந்தபோது அந்தத் தொடர்பு மிகவும் பலவீனமாகவும், குடும்பம், நண்பர்கள், அமைப்புகள் எனப் பலவற்றில் ஒருவர் எவ்வளவு கலந்திருக்கிறார் என்று அளந்தபோது மிக வலுவாகவும் இருந்தது (சிகரெட் கணக்கு பரவிய அளவுக்கு இது பரவவில்லை). ஆய்வில் இடம்பெற்றவர்களில் பெரும்பாலானோர் வட அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்தவர்கள் என்பதையும் மறக்கலாகாது.

தனி வீட்டில் இருந்தாலும் நாள்தோறும் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ நடந்து சென்று, அயலாரிடம் தம் உபாதையைச் சொல்லி, அவர்களுடன் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போய் வருபவரைவிட, மகன் வீட்டின் பின்னறையில் பேச ஆளின்றி, வலியைச் சொன்னால் பாரமாகிவிடுவோமோ என்று மறைத்து, சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிடும் தாயைப் பற்றியே நான் கூடுதலாகக் கவலைப்படுவேன். காப்பகமே தீர்வு என்ற முடிவுக்கு அந்த ஆய்வில் ஆதாரம் எதுவும் இல்லை.