பக்கவாதத்துக்கு விரல் நுனியில் ஊசி குத்துவது சிகிச்சை அல்ல

பக்கவாதம் தாக்கியவரின் பத்து விரல் நுனிகளிலும் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் பிழைத்துவிடுவார் என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. அடைப்போ கசிவோ ஏற்பட்டிருப்பது மூளையின் இரத்தக்குழாயில். விரலில் வடியும் சில சொட்டு இரத்தம் அதை எவ்விதத்திலும் மாற்றாது. அதைவிட ஆபத்தானது, அதுவரை நோயாளியை நகர்த்தவே கூடாது என்று அச்செய்தி சொல்வது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும் என்பதால், வீட்டில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பே. சிரிக்கச் சொன்னால் வாய் கோணினாலோ, தூக்கிய கைகளில் ஒன்று தாழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, உடனே 108-ஐ அழைத்து, அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விழுங்கும் திறன் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்க வேண்டாம்.