சான்றிதழ் கொடுத்த மறுநாள் என்ன ஆகிறது?

ஏழ்மையில் இருக்கும் இளம்பெண்களுக்கு இலவசத் தொழிற்பயிற்சி என்று அறிவிப்பு வந்தால், "என்ன கோர்ஸ்? எத்தனை பேர்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவது மாதச் சம்பளம் வாங்கும்போது அவர்களில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், ஒரு திட்டம் உருப்படியானதா இல்லையா என்று அந்த ஒரு எண்ணை வைத்தே சொல்லிவிடலாம்.

வகுப்பில் உட்கார்ந்துவிட்ட பெண் எப்படியும் கற்றுக்கொள்வாள். கழன்று போவதெல்லாம் வகுப்புக்கு முன்னாலும் பின்னாலும்தான்.

முன்னால் என்ன ஆகிறது? கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. போக்குவரத்துக்குக் காசு இருக்காது. அடையாள அட்டையில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர். இதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடித்தால் வேலைக்கான உத்தரவு கையில் இருந்தும் சேர முடியாது. ஆகவே ஆவணத் திருத்தமும் அவள் பெயரில் வங்கிக் கணக்கும் பயிற்சியின் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். கணக்கு இல்லாவிட்டால் சம்பளம் அண்ணன் கணக்குக்கோ கணவன் கணக்குக்கோ போகும். அப்புறம் அதை மாற்றுவது பெரும்பாடு.

குழந்தைக் காப்பகத்தைக் கூடுதல் வசதி என்று நினைப்பவர்களுக்கு லைபீரியாவைச் சொல்வேன். 2010-இல் அங்கே இளம்பெண்களுக்காகத் தொடங்கிய திட்டத்தில் ஆறு மாதம் வகுப்பு, அதற்கப்புறம் ஆறு மாதம் வேலை தேடவோ தொழில் தொடங்கவோ கூடவே நிற்பது என்று வைத்தார்கள். பயிற்சி நடக்கும் இடத்திலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள். திட்டத்துக்கு வெளியே இருந்த பெண்களோடு ஒப்பிட்டால் வேலையில் இருப்போர் 47 சதவீதம் கூடினார்கள், வருமானம் 80 சதவீதம் கூடியது. கொலம்பியாவில் 2001 முதல் 2005 வரை நடந்த திட்டத்தில் மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் நிறுவனத்துக்குள்ளேயே வேலைப் பயிற்சி. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள தாய்மார்களுக்கு மட்டும் தினப்படி கூடுதல். பெண்களின் சம்பளம் ஏறக்குறைய 20 சதவீதம் உயர்ந்தது.

எந்தத் தொழில் என்பதையும் தலைகீழாகத்தான் முடிவு செய்கிறார்கள். மெஷின் வாங்கியாயிற்று, அதனால் தையல். ஒரே வட்டாரத்தில் முப்பது பேர் தையல் படித்தால் ஐந்து பேருக்குத்தான் துணி வரும். சரி, தொழிற்சாலைக்கு அனுப்பலாம் என்றால், கற்றுக்கொண்டது பெடல் மெஷினில், அங்கே இருப்பது பவர் மெஷின். காலை லேசாக வைத்தாலே துணி பிய்த்துக்கொண்டு ஓடும். கை நடுங்கும், இலக்கு எட்டாது, சூப்பர்வைசர் சத்தம் போடுவார். நான்காம் நாள் வரமாட்டாள். "அந்தப் பொண்ணுக்கு ஆர்வமில்லை" என்று எழுதி மூடிவிடுவார்கள். அது அநியாயம்.

பாடத்திட்டம் எழுதுமுன் வேலை கொடுப்பவரிடம் போய் மூன்று கேள்வி கேளுங்கள். கடந்த ஆறு மாதத்தில் எத்தனை பேரை எடுத்தீர்கள்? எத்தனை பேர் போய்விட்டார்கள், ஏன்? புதிதாக வருபவர் முதல் வாரம் செய்ய வேண்டிய வேலைகள் என்னென்ன? அந்த மூன்றாவது பதில்தான் பாடம்.

அடுத்தது எல்லோரும் கோட்டைவிடும் இடம். 5-ஆம் தேதி வேலையில் சேர்கிறாள். முதல் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதி. பயிற்சிக்கால உதவித்தொகையோ சான்றிதழ் கொடுத்த அன்றே நின்றுவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் தினமும் போய்வரவும், சீருடைக்கும், செருப்புக்கும் கடன் வாங்க வேண்டும். வேலைக்குப் போனதால் கடன் ஏறிய பெண்ணை "ஏன் விட்டுவிட்டாய்?" என்று கேட்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது? உதவித்தொகை முதல் சம்பளம் வரை ஓட வேண்டும். அதற்காகச் சேர்க்கையில் இருபத்தைந்து பேரை இருபதாகக் குறைக்க வேண்டி வந்தாலும் குறைக்கலாம்.

நேபாளத்தில் நடந்த ஒரு திட்டத்தில் பயிற்சி நிறுவனத்துக்கு முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்கவில்லை. படித்தவர் வேலையில் இருக்கிறாரா என்று மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் சரிபார்த்த பிறகே மீதி. அதில் ஒரு ஆபத்து உண்டு. எளிதாக வேலை கிடைக்கக்கூடியவர்களை மட்டும் பொறுக்கியெடுக்கத் தோன்றும். பெண்களையும் மிகவும் பின்தங்கியவர்களையும் வேலையில் அமர்த்தினால் கூடுதல் தொகை என்று வைத்தது அதனால்தான்.

இனி, பயிற்சியிலும் வேலையில் சேர்ந்த பிறகும் அந்தப் பெண்ணோடு கூடவே நிற்கும் வழிகாட்டி. மேடையேறித் தன்னம்பிக்கை பேசுபவரை நான் சொல்லவில்லை. ஒரு வழிகாட்டிக்கு ஆறு முதல் எட்டுப் பெண்கள், அதற்கு மேல் வேண்டாம். பயிற்சியின்போது வாரம் ஒரு சந்திப்பு, எப்போதும் பொது இடத்தில். வேலையில் சேர்ந்த பிறகு முதல் நாள் மாலை, மூன்றாம் நாள், முதல் வார முடிவு, முதல் சம்பள நாள் என்று தேதி குறித்துப் பேச வேண்டும். சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்கவே கூடாது. கடன் வந்துவிட்டால் அந்தப் பெண் போனை எடுக்கமாட்டாள். வழிகாட்டி பாதியில் விலக நேர்ந்தால் அடுத்தவரோடு மூவருமாக உட்கார்ந்து பேசிய பிறகே போக வேண்டும். ஏற்கெனவே பலர் கைவிட்ட பெண் அவள்.

"எப்படி இருக்கு வேலை?" என்று கேட்டால் "நல்லா இருக்குக்கா" என்றுதான் பதில் வரும். "நேத்து மதியம் யார்கூட உக்காந்து சாப்பிட்ட?" என்று கேளுங்கள். தனியாகச் சாப்பிடுகிறாள் என்றால் அவள் நின்றுவிடப்போகிறாள் என்று பொருள். அன்றே அங்கே வேலை செய்யும் பழைய மாணவி ஒருத்தியை அவளோடு சேர்த்துவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து எப்படித் திரும்புகிறாள், மேலதிகாரி வேலை நேரத்துக்கு அப்புறம் போன் செய்கிறாரா என்பதையும் இப்படித்தான் நேராகக் கேட்க வேண்டும்.

சம்பள நாளன்று கேட்க வேண்டியது, ஏ.டி.எம். அட்டை யார் கையில் இருக்கிறது என்பது. "அவர் வச்சிருக்கார்" என்று சொன்னால், உடனே போய் வாங்கு என்று தூண்டிவிடாதீர்கள். அன்றிரவு அடி வாங்கப்போவது அவள்தான். கேட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவளிடமே விசாரித்து, அவள் சரி என்ற பிறகு, சம்பளத்தில் ஒரு சிறு பகுதியைத் தனியாகப் பிடித்துச் சேமிப்பில் போட நிறுவனத்தில் வழியிருக்கிறதா என்று பாருங்கள்.