ஒரு பக்கத்துக்கு 27 விநாடி

(அத்தை: ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். பிரபு: அண்ணன் மகன், கல்யாண வீடியோ எடிட்டர். ‘ஹாரி பாட்டர்’ மூன்றாம் படம், அஸ்கபான் சிறையிலிருந்து தப்பிய சிரியஸ் என்ற கைதியின் கதை, இப்போதுதான் முடிந்திருக்கிறது. டிவியில் பெயர்கள் ஓடுகின்றன.)

பிரபு: எட்டுப் படத்துலயும் இதுதான் அத்தை டாப்பு.

அத்தை: இந்தப் பேரெல்லாம் எது மேலடா ஓடுது?

பிரபு: யார் எங்க நடக்கறாங்கன்னு காட்டற அந்த மாய மேப்பு மேல. கால்தடம் எல்லாம் தானா நடந்து போவுது பாருங்க, என்ன அழகு!

அத்தை: தச்சன், தையக்காரன், டீ குடுத்தவன் வரைக்கும் அந்த மேப்பு மேலயே பேரு போடறான். மேப்பை வரைஞ்ச நாலு பேர் யாருன்னு மட்டும் படம் முழுக்க வாயே திறக்கல.

பிரபு: சொல்றாங்களே. மூனி, வோர்ம்டெயில், பேட்ஃபுட், பிராங்ஸ்.

அத்தை: அது பட்டப்பேரு. பத்திரிகைல ‘குட்டி, சின்னு, பாப்பா, தம்பு அன்புடன் அழைக்கிறோம்’னு போட்டா எந்த வீட்டுக் கல்யாணம்னு போவே?

பிரபு: சாப்பாடு நல்லா இருந்தா எந்த வீடா இருந்தா என்ன?

அத்தை: எடிட்டர் புத்தி. சரி, ஒரு கணக்குப் போடறேன், கேளு. லண்டன்ல வந்த கெட்டி அட்டைப் பதிப்பு. ரெண்டாம் புத்தகம் 251 பக்கம், படம் 161 நிமிஷம். ஒரு பக்கத்துக்கு 38 விநாடி. மூணாவது 317 பக்கம், படம் 142 நிமிஷம். ஒரு பக்கத்துக்கு?

பிரபு: லீவு நாள்லயுமா?

அத்தை: 27. புத்தகம் 66 பக்கம் பெருத்துச்சு, படம் 19 நிமிஷம் இளைச்சுது.

பிரபு: ரசம் சுண்டினா ருசி கூடும் அத்தை.

அத்தை: சுண்டட்டும். புளியைத் தூக்கி வெளிய வச்சுட்டுச் சுண்ட வைக்கிறவனை என்ன சொல்றது?

பிரபு: முதல் ரெண்டு படம் எடுத்தவர் கிறிஸ் கொலம்பஸ். பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிச்சார். இதுல ஆளு மாறியாச்சு. அல்ஃபோன்சோ குவாரோன். பையனுக்குப் 13 வயசு, மீசை முளைக்கிற நேரம். யூனிஃபார்மை அவிழ்த்துட்டு ஜீன்ஸ்ல சுத்துறாங்க, வானம் மப்பாவே இருக்கு. கதையே இருட்டு அத்தை. மனசுல உள்ள சந்தோஷத்தை உறிஞ்சுற டிமென்டரை வச்சுக்கிட்டு மத்தாப்பு வெளிச்சத்துலயா எடுக்கறது?

அத்தை: இருட்டா இருக்கட்டும்டா, எனக்கு அது புடிச்சுது. ரயில் ஜன்னல்ல பனி படருதே, அப்ப நான் போர்வை தேடினேன். ஆனா கடைசி அரை மணி நேரம் காட்டுக்குள்ள யார் மனுஷன், யார் மரம்னே தெரியல.

பிரபு: நீங்க பிரைட்னஸைக் கூட்டி வச்சிருக்கீங்க. அதைக் கூட்டினா வெளிச்சம் வராது, கறுப்பு சாம்பலாத்தான் போகும். பழைய அளவுக்கு இறக்குங்க. ஹால் டியூப்லைட்டை அணைங்க. இப்ப ஸ்கிரீன்ல பாதி டியூப்லைட்டு, மீதிதான் ஹாரி.

அத்தை: அணைச்சா சுண்டல் எங்க இருக்குன்னு தெரியாது. அதை விடு. முதல் காட்சியையே எடு. ஹாரி போர்வைக்குள்ள மந்திரக்கோலை வச்சு ‘லூமோஸ் மாக்ஸிமா’ங்கறான். பள்ளிக்கூடத்துக்கு வெளிய சின்னப் பசங்க மந்திரம் போட்டா சீட்டுக் கிழிஞ்சிடும். கொஞ்ச நேரத்துல மார்ஜ் அத்தையைப் பலூனா ஊதவிட்டுட்டு ‘நான் சட்டத்தை மீறிட்டேனே’ங்கறான். ராத்திரி பூரா லைட் போட்டு விளையாடினப்ப அந்த நினைப்பு எங்க போச்சு?

பிரபு: அது... மூடு.

அத்தை: எது மூடு, வாயா?

பிரபு: காட்சியோட மூடு! இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம். படம் எப்படிப் போகும்னு ஒரு நிமிஷத்துல காட்டறார்.

அத்தை: புத்தகத்துல அதே போர்வை, அதே பையன். கையில டார்ச்லைட்டு, முன்னால ஹோம்வொர்க். மூடும் வந்தாச்சு, சட்டமும் மீறல. பேட்டரிதான் செலவு.

பிரபு: அதை ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கல்லை மட்டும் மறந்துடாதீங்க.

அத்தை: எந்தக் கல்லு?

பிரபு: ஹாக்ரிட் குடிசை. ஹாரி, ரான், ஹெர்மியோனி மூணு பேரும் உள்ள நிக்கிறாங்க. படார்னு ஜாடி உடையுது. ஜன்னல் வழியா ஒரு கல்லு வந்திருக்கு. யாரு எறிஞ்சான்னு யோசிக்கறதுக்குள்ள இன்னொரு கல்லு ஹாரி பின்மண்டைல. ‘ஆ’ன்னு திரும்பறான், பார்த்தா தலைமை ஆசிரியர் டம்பிள்டோரும் அமைச்சரும், ஹாக்ரிட் வளர்க்கிற மிருகத்தை வெட்ட வர்ற கோடாரிக்காரனும் படி இறங்கி வர்றாங்க. பின்வாசல் வழியா ஓடிடறாங்க. அதோட நாம கல்லை மறந்துடறோம்.

அத்தை: மறந்துட்டேன்.

பிரபு: கதை ரொம்ப தூரம் போனப்புறம் காலத்தைத் திருப்பிக்கிட்டு வந்து அதே குடிசையை வெளிய இருந்து, பூசணிக்காய்க்குப் பின்னால இருந்து பார்க்கறோம். உள்ள இருக்கிற அவங்களே கிளம்ப மாட்டேங்கறாங்க. ஹெர்மியோனி கீழ குனியறா, கல்லை எடுக்கறா, எறியறா. ஜாடி. அடுத்தது மண்டை. ‘வலிச்சுதே’ங்கறான் இவன். முதல் தடவை காமெடியா போன அடி, ரெண்டாவது தடவை உயிர் காப்பாத்துது. அந்த இடத்துல வேற கேமரா கோணம், அவ்வளவுதான். புது வசனமே தேவையில்ல.

அத்தை: (சற்று நேரம் கழித்து) புத்தகத்துல கல்லே கிடையாது. ஹாக்ரிடே ஜன்னல்ல பார்த்துட்டு ‘வர்றாங்க, ஓடுங்க’ன்னுடுவார்.

பிரபு: ஆங்!

அத்தை: ஆங்-ன்னு துள்ளாதே. கல்லு நல்லா இருக்கு. ஹெர்மியோனி ஊளையிட்டு, ஓநாயா மாறின லூபின் வாத்தியாரை இழுக்கறாளே, அதுவும் படத்துல சேர்த்ததுதான், அதுவும் நல்லா இருக்கு. ஆனா ஸ்னேப்பு வாத்தியாரு கையை விரிச்சுக்கிட்டுப் புள்ளைங்களுக்கு முன்னால நின்னு ஓநாய்க்கு மறைக்கிறாரே? புத்தகத்துல அந்த நேரம் அவரு மயக்கம். காத்துல மிதந்துக்கிட்டு, சுரங்கப் பாதை கூரைல தலை இடிச்சுக்கிட்டு வருவாரு. வில்லனுக்குத் திடீர்னு தாய்ப்பாசம் குடுத்துட்டான்.

பிரபு: தியேட்டர்ல கைதட்டு வாங்கின இடம் அது!

அத்தை: கைதட்டு இருக்கட்டும், எட்டுலயும் கம்மி வசூல் இதுக்குத்தான்.

பிரபு: வசூல் பார்த்தா நீங்க கணக்கு டீச்சர். விமர்சனம் பார்த்தா இது முன்வரிசை கேஸ்.

அத்தை: அப்ப மானுக்கு வா. ஏரிக்கரைல டிமென்டரை விரட்டற வெள்ளை மான். அது ஏன் மானு? யானையா இருக்கக் கூடாதா?

பிரபு: கம்பீரமா இருக்குன்னு...

அத்தை: அங்கதாண்டா கதை உடையுது! பிராங்ஸ்னா ஹாரியோட அப்பா. அப்பா மானா மாறுவாரு. செத்துப்போன அப்பன் வந்து காப்பாத்தினான்னு பையன் நம்பறான், அப்புறம் பார்த்தா மந்திரம் போட்டது இவனே, வந்தது அப்பன் உருவம். மேப்புல பேரு இருக்கு, ஏரில மானு இருக்கு, நடுவுல முடிச்சு மட்டும் போடல. புத்தகம் படிக்காதவனுக்கு அது மிருகக்காட்சி சாலை.

பிரபு: ...நானும் மூணு தடவை பார்த்தப்புறம்தான் நெட்ல படிச்சேன்.

அத்தை: (வெற்றிச் சிரிப்பு) சொல்லுடா எடிட்டர், அதுக்கு எத்தனை நிமிஷம் ஆகும்?

பிரபு: நிமிஷம் எதுக்கு? கடைசில லூபின் பெட்டி கட்டற காட்சி இருக்கு. மேப்பு மேசை மேலயே விரிஞ்சு கிடக்கு. அதைத் திருப்பிக் குடுக்கும்போது சொல்லிட்டாப் போதும். இருங்க, போன்ல ஸ்டாப்வாட்ச் வைக்கறேன். ‘மூனி நான். வோர்ம்டெயில் அந்த எலி. பேட்ஃபுட் சிரியஸ், நாயா மாறுவான். பிராங்ஸ் உங்கப்பா, மானா மாறுவார்.’ 9 விநாடி!

அத்தை: பார்த்தியா! பஸ்ல தொங்கிக்கிட்டு லொடலொடன்னு பேசுதே ஒரு சுருங்கின தலை, அதுல வெட்டினா 9 விநாடி வந்துடும்.

பிரபு: தலைல கை வைக்காதீங்க. வேணும்னா அந்த அடிக்கிற மரம் குருவியை அறையறதுல எடுத்துக்கலாம்.

அத்தை: அது இருக்கட்டும், இலை உதிர்ந்து பனி விழுந்து மாசம் போறதை அந்த மரம்தான் காட்டுது. தலைதான் வெட்டணும்.

பிரபு: மரம்!

அத்தை: தலை! சரி, நான் சொல்லிப் பார்க்கறேன், அமுக்கு. ‘மூனி... நான். கவனிக்கணும். வோர்ம்டெயில்... எலி. எந்த எலி? ரான் வளர்த்த எலி. எழுதிக்கிட்டியா?’

பிரபு: 31 விநாடி ஆச்சு அத்தை, இன்னும் ரெண்டு பேர் பாக்கி. லூபின் வண்டியேறிப் போயிட்டார்.

அத்தை: போகட்டும். ‘பேட்ஃபுட்...’ பின்பெஞ்ச், கேட்டுச்சா?