கேட்டு வீடு எடுப்பது குற்றமா?

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து 7 பேர் அனுப்பிவிட்டீர்கள். லண்டன் ஹெண்டனில் பிளாட் பார்க்க வந்த யூதக் குடும்பம் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்து, "வீடு தேடுகிறார்களா, கோயில் கட்டக் காணி தேடுகிறார்களா" என்று நம்முடைய தம்பி ஒருவர் சிரிக்கிறார். கீழே நம் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 11 வருஷமாக அந்தப் பகுதியில் வாடகை வீடு காட்டுவதுதான் என் வேலை.

கேட்டதில் என்ன பிழை? முன்கதவு சாவியால் திறக்குமா, ஃபாப் என்கிற மின்சாவி மட்டும்தானா என்று கேட்டார்கள். வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி இரவு வரை அவர்களுக்குச் சபாத், ஓய்வுநாள். மின்சாரத்தை இயக்கக் கூடாது. ஃபாபைக் காட்டினால் மின்பூட்டு இயங்கும். ஆளைக் கண்டதும் எரிகிற சென்சர் விளக்கும் அதே சிக்கல். ஒவ்வொரு மாடியிலும் தானாக நின்று போகும் சபாத் லிஃப்ட் இங்கே எத்தனை கட்டடத்தில் இருக்கிறது? அதனால்தான் கீழ் மாடி கேட்கிறார்கள்.

நானும் ஒருகாலம் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு தாய் இதே கேள்வியைக் கேட்டபோது, போய்ப் பார்க்காமலே "எல்லாம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அந்த டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, அதே கட்டடத்தில் வேறொரு பிளாட்டைக் காட்டப் போனேன். நல்ல மழை. கதவுக்கு முன்னால் அந்தக் குடும்பத்துத் தகப்பன் நிற்கிறார். தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை. இடுப்பில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. ஜெபக்கூடத்திலிருந்து வந்தவர், யாராவது வரும்வரை காத்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டும் திறந்துவிடச் சொல்லவில்லை, அப்படிக் கேட்பதும் அவர்களுக்கு ஆகாது. "குட் ஷபஸ்" என்று சபாத் வாழ்த்துச் சொன்னார், அவ்வளவுதான். நான் என் வேலைக்காகத் திறந்தேன், பின்னால் வந்தார்கள். சின்னதின் கம்பளிக் கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முதலே கேட்கிறவர்கள் நேர்மையானவர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சண்டைக்கு வரவில்லை. கேட்டுவிட்டு எடுக்கிறார்கள்.

குசினியில் இரண்டு சிங்க் கேட்டதற்குத்தான் அதிகம் சிரித்தீர்கள். இறைச்சிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று. பாத்திரமும் வேறு வேறு. கந்தசஷ்டி வந்தால் என் அம்மம்மா விரதச் சட்டிகளைப் பரணிலிருந்து இறக்குவார். மீன் குழம்பில் பட்ட அகப்பை அதில் பட்டால் அன்று வீடு இரண்டுபடும். உங்கள் வீடுகளில் இது இல்லையா?

பால்கனிக்கு மேலே வானம் தெரியவேண்டும் என்றார்கள். சுக்கோத் பண்டிகைக்கு இலை, கிளை பரப்பிய குடிலில் 7 நாள் சாப்பிடவேண்டும், மேல்வீட்டுப் பால்கனி மறைத்தால் அந்தக் குடில் செல்லாது. ஜெருசலேமில் இதற்காகவே பால்கனிகளைப் படிப்படியாக விலக்கிக் கட்டிய கட்டடங்கள் உண்டு. ஜெபக்கூடம் நடக்கிற தூரத்தில் வேண்டும், ஏனென்றால் சபாத் அன்று கார் ஓட்ட முடியாது. வீடு எரூவ் எல்லைக்குள் இருக்கவேண்டும். கம்பமும் கம்பியும் வேலியுமாகச் சுற்றிவரும் எல்லை அது, ஏறத்தாழ 11 மைல். அதற்குள் இருந்தால்தான் சபாத்தில் வெளியே பிள்ளையைத் தூக்கவோ தள்ளுவண்டியைத் தள்ளவோ முடியும். 10 வருஷத்துக்கும் மேல் எதிர்ப்பு, 2003இல்தான் வந்தது. அதற்கு முன் கைப்பிள்ளைக்காரி சனிக்கிழமை முழுக்க வீட்டுக்குள்தான்.

"இந்த நாட்டுக்கு வந்தால் இந்த நாட்டு மாதிரி இருக்கவேண்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். 1290இல் இங்கிருந்து துரத்தப்பட்டு, 1656க்குப் பிறகு திரும்பி வந்து வாழ்கிற சனம் அது. நீங்களும் நானும் எப்போது வந்தோம்?

இன்னொருவர் காசாவை இழுத்தார். அங்கே சாகிற பிள்ளைகளுக்காக நானும் அழுகிறேன். போரில் பிள்ளைகள் சாவது என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஹெண்டனில் தள்ளுவண்டியோடு வீடு தேடுகிற பெண் எந்த அரசாங்கமும் இல்லை.

வாசல்நிலையில் மெசூசா பதிக்க அனுமதி கேட்டதையும் விடவில்லை. வேதவாக்கியம் எழுதிய தோல்சுருளை வைத்த ஒரு சின்ன உறை. அதற்கு இரண்டு ஆணி. அதையும் கேட்டுவிட்டுத்தான் அடிக்கிறார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தங்கச்சி கேட்டாள். லண்டன் வந்த புதிதில் நாங்கள் ஒரு பிளாட் பார்க்கப் போனோம். எல்லாம் பேசி முடிந்த பிறகு, "நீங்கள் கறி சமைப்பீர்களே, மணம் சுவரில் ஏறிவிடும்" என்றார் வீட்டுக்காரர். பக்கத்தில் நின்ற அவருடைய ஆள் சிரித்தார். வீடு கிடைக்காதது மறந்துபோயிற்று. அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. அதே சிரிப்பைத் தமிழில் கேட்பேன் என்று நான் நினைக்கவில்லை, தம்பி.

நாளைக் காலை 10 மணிக்கு 5 பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்துக்கு வீடு காட்டவேண்டும். இன்று பின்னேரமே போய் முன்கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். சாவித்துவாரம் இருக்கிறது. சாவியைப் போட்டு இரண்டு தரம் திருப்பியும் பார்த்தேன்.