‘காரணமே இல்லாமல் அடித்தார்’

பராமரிப்பு இல்லங்களில் சம்பவப் பதிவேடு என்று ஒரு நோட்டு இருக்கும். டூட்டி முடிந்து போகிறவர்கள் அன்றைக்கு நடந்ததை அதில் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். பதினான்கு வருடமாக அந்த நோட்டுகளைப் படித்துவருகிறேன். ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: ‘காரணமே இல்லாமல் அடித்தார்.’ அடித்தார் என்பது சில நாள் கடித்தார் என்றிருக்கும், சில நாள் தட்டைத் தூக்கி எறிந்தார், தலையைச் சுவரில் மோதிக்கொண்டார் என்றிருக்கும். ‘காரணமே இல்லாமல்’ மட்டும் அப்படியே இருக்கும்.

அந்த இரண்டு வார்த்தைகளை எழுதக் கை வராதபடி ஒருவரைத் தயார் செய்வதுதான் பராமரிப்புப் பணியாளருக்கான பயிற்சி என்று நினைக்கிறேன். பல இடங்களில் பயிற்சி என்ற பெயரில் நடப்பது வேறு. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் டிஸ்லெக்சியாவைத் தமிழில் கற்றல் குறைபாடு என்கிறோம். பிரிட்டனில் ‘லேர்னிங் டிசெபிலிட்டி’ என்றால் அது அறிவுசார் குறைபாடு. நான் பேசுவது இந்த இரண்டாவது பற்றி. இவர்களில் பலருக்கு ஆட்டிசமும் சேர்ந்திருக்கும், சிலருக்குப் பேச்சே இருக்காது. அடிப்பது, பொருளை உடைப்பது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது போன்றவற்றைத் துறைக்காரர்கள் ‘சவாலான நடத்தை’ என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு ஒரு நோக்கம் இருந்தது. குறை ஆளிடம் இருப்பதாகப் பேசிக்கொண்டிருக்காமல், அவருக்கு வேண்டியதைச் செய்து தருவது நமக்கு விடப்பட்ட சவால் என்று பார்க்கச் சொன்னார்கள். நாம் என்ன செய்தோம்? ‘அவர் ஒரு சேலஞ்சிங் கேஸ்’ என்று அதையும் ஆள் மேலேயே ஒட்டிவிட்டோம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கிடைத்த பயிற்சி இரண்டு நாள். முதல் நாள் காலையில் விதிமுறைகள், தீ விபத்து, கை கழுவும் முறை. மதியத்திலிருந்து மறுநாள் சாயங்காலம் வரைக்கும் பிடிப்புதான். மணிக்கட்டைப் பிடித்தால் எப்படி விடுவித்துக்கொள்வது, முடியைப் பற்றினால் என்ன செய்வது, இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை எப்படி நாற்காலியில் உட்காரவைப்பது. மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். எட்டுப் பேர் இருந்தார்கள். இவர்களில் யார் கை நீட்டுவார் என்றுதான் என் கண் தேடியது. ஒருவருக்கு ஜன்னலோர நாற்காலி வேண்டும், இன்னொருவருக்கு யாராவது பாடினால் போதும் என்பதெல்லாம் பல மாதம் கழித்து நானாகத் தெரிந்துகொண்டது.

இரண்டாவது மாதம், முப்பது வயதைத் தாண்டிய ஒருவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பேச்சு இல்லாதவர். திடீரென்று என் தோளில் ஓங்கி அறைந்தார். நானும் பதிவேட்டில் அதே வரியை எழுதினேன். கூட டூட்டியிலிருந்த மூத்த அக்கா அதைப் படித்துவிட்டு, ‘காரணமே இல்லாமல்’ என்ற இடத்தில் விரலை வைத்தார். “தம்பி, அவர் அடிக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நீ என்ன பண்ணினே, சொல்லு” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வலி எனக்கு, விசாரணையும் எனக்கா என்று. இருந்தாலும் சொன்னேன். குளிக்கலாமா என்று கேட்டேன், எழுந்து வந்தார். சட்டையைக் கழற்றினேன், சும்மா இருந்தார். காலில் தண்ணீர் ஊற்றினேன், சும்மா இருந்தார். தலையில் ஊற்றினேன். “எந்தப் பக்கமா ஊத்தினே?” இடது பக்கம். அக்கா நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். பத்தொன்பது நாளில் ஏழு சம்பவம், நான்கு பேருடைய கையெழுத்து. ஏழும் குளியல் நேரம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படித்தோம், சேர்த்துப் படிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்று இரவு அக்கா அவர் கட்டிலருகே உட்கார்ந்து பார்த்தார். புரண்டு படுக்கும்போதெல்லாம் இடது பக்கத்தைத் தவிர்த்தார். தலையணை உறையில் மஞ்சளாகச் சின்னக் கறை. மறுநாள் மருத்துவர் பார்த்தபோது காதில் சீழ் வைத்திருந்தது. மருந்து கொடுத்து இரண்டு வாரத்தில் குளியலறை அமைதியாகிவிட்டது. இதற்கு நடுவே, அவரைச் சாந்தப்படுத்த ஒரு மாத்திரை ஆரம்பிக்கலாமா என்று ஒரு கூட்டத்தில் பேசியும் முடித்திருந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

வலியைச் சொல்ல வழியில்லாதவரின் உடம்பு வேறு எப்படிப் பேசும்? காது, பல், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் வலி என்று இந்தப் பட்டியலைப் புதிதாக வரும் பணியாளருக்கு முதல் மணி நேரத்திலேயே சொல்லித்தர வேண்டும். மருத்துவர்களேகூட எல்லாவற்றையும் ‘குறைபாடு இருக்கிறதல்லவா, அப்படித்தான் செய்வார்’ என்று அதன் தலையில் போட்டுவிடுவதுண்டு. மரபணு நிலை தெரிந்திருப்பதும் உதவும். கொர்னீலியா டி லாங் என்ற நிலை உள்ளவர்களுக்கு உணவுக்குழாயில் அமிலம் மேலேறுவது சாதாரணம். தன்னைத்தானே அடித்துக்கொள்பவருக்கு அந்த எரிச்சல்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். பிராடர்-வில்லி என்ற இன்னொரு மரபணு நிலை உள்ளவருக்குச் சாப்பிட்ட பிறகும் வயிறு நிறைந்த உணர்வு வராது. இது தெரியாத பணியாளர் அவரைத் திருடுகிறார், அடம்பிடிக்கிறார் என்பார். தெரிந்தவர், சாப்பாட்டு நேரத்தை நிச்சயமாக்கி, பார்வையில் படும்படி உணவு கிடக்காமல் பார்த்துக்கொள்வார்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்றால், அப்புறம் தேட வேண்டியது அந்த நடத்தையால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை. 1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நான்கு குழந்தைகளிடம் செய்த வேலையை நான் எல்லாப் பயிற்சியிலும் சொல்வேன். சில குழந்தைகள் பாடம் கடினமானபோது கத்தினார்கள், அடித்தார்கள். சிலர் பெரியவர்களின் கவனம் குறைந்தபோது. கடினமென்று திணறிய குழந்தைக்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லவும், கவனம் தேடிய குழந்தைக்கு ‘நான் நன்றாகச் செய்கிறேனா?’ என்று கேட்கவும் பழக்கினார்கள். நடத்தை குறைந்தது. இதில் என்னைப் பிடித்து உலுக்கிய இடம் ஒன்று உண்டு. தேவைக்குப் பொருந்தாத வாக்கியத்தைச் சொல்லித்தந்தபோது பலன் இல்லை. கவனம் வேண்டிய குழந்தைக்கு ‘புரியவில்லை’ என்று சொல்லத் தெரிந்து என்ன லாபம்? ஆகவே அடியை நிறுத்துவதற்கு முன்னால் அந்த அடி எதைக் கேட்கிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். பேச்சு இல்லாதவருக்கு ஒரு படம், ஒரு கை சைகை போதும். ‘போதும், நிறுத்து’ என்பதற்கு ஒரு சைகை பழகிவிட்டு, நாமும் அந்த நொடியே நிறுத்தினால், அதற்கு மேல் அவர் எதற்கு அறைய வேண்டும்?

மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், ஆக்ரோஷம் காட்டிய அறிவுசார் குறைபாடுள்ள 86 பேருக்கு ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்துகளில் ஒன்று அல்லது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் மூன்று குழுவிலும் ஆக்ரோஷம் குறைந்தது. அதிகம் குறைந்தது வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு. மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது மருத்துவர் முடிவு, நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். ஆனால் ‘மாத்திரை போட்டதும் சரியாகிவிட்டார்’ என்று பணியாளர்கள் எழுதுவதை நம்பித்தான் மருந்து வருடக்கணக்கில் தொடர்கிறது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆறு வாரத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்தச் சொல்கிறது. ஆறு வாரம் கழித்துப் பலன் இருக்கிறதா என்று சொல்ல, யாராவது ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்க வேண்டும். அதற்கும் பயிற்சி வேண்டும்.

பிடிப்பை மட்டும் சொல்லித்தந்தால் என்ன ஆகும் என்பதற்கு வின்டர்போர்ன் வியூ சாட்சி. இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக இருந்த தனியார் மருத்துவமனை அது. பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி 2011 மே மாதம் ஒளிபரப்பிய ரகசியப் படத்தில், அங்கே இருந்தவர்களைப் பணியாளர்கள் தரையில் அழுத்தி, அடித்து, கேலி செய்ததை உலகம் பார்த்தது. 11 பேர் தண்டனை பெற்றார்கள், 6 பேர் சிறைக்குப் போனார்கள். பிறகு வந்த அரசு அறிக்கையில் என் தூக்கத்தைக் கெடுத்த ஒரு விஷயம்: பிடித்து அடக்கும் முறையைத் தவிர வேறு எதிலும் அங்கே பயிற்சி தரப்பட்டதற்கான ஆதாரம் மிகக் குறைவு. அந்தப் பணியாளர்கள் செய்ததற்கு மன்னிப்பே இல்லை. ஆனாலும் என்னுடைய அந்த ஒன்றரை நாள் பயிற்சி நினைவுக்கு வராமல் போகவில்லை. ஒருவர் சாலையில் ஓடும்போது பிடித்துத்தான் ஆக வேண்டும், அதைப் பாதுகாப்பாகச் செய்யத் தெரியவும் வேண்டும். குப்புறப் படுக்கவைத்து அழுத்தினால் மூச்சு நின்றுவிடலாம் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும். அது கடைசிப் பாடமாக வரட்டும் என்கிறேன். முதல் பாடம் பிடிப்பு என்றால் முதல் யோசனையும் பிடிப்பாகத்தான் வரும்.

சரி, நல்ல பயிற்சி கொடுத்துவிட்டால் எல்லாம் மாறிவிடுமா? நானும் அப்படித்தான் நம்பினேன். 2018இல் இங்கிலாந்தில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 23 சேவைக் குழுக்கள், அவற்றின் உதவி பெறும் அறிவுசார் குறைபாடுள்ள 246 பேர். அவற்றில் சில குழுக்களின் பணியாளர்களுக்கு, நடத்தைக்குக் காரணம் தேடி அதற்கேற்ப உதவும் ‘நேர்மறை நடத்தை ஆதரவு’ என்ற முறையில் பயிற்சி கொடுத்து, ஒரு வருடம் பார்த்தார்கள். பயிற்சி பெறாத குழுக்களோடு ஒப்பிட்டால் நடத்தையில் வித்தியாசம் இல்லை. படித்த அன்று வேலையே வெறுத்துப்போனது. பிறகு யோசித்தேன். அக்கா எனக்குக் கற்றுத்தந்தது எந்த வகுப்பிலும் இல்லை. நான் அடி வாங்கிய அரை மணி நேரத்துக்குள், அதே வீட்டில், அதே நோட்டை வைத்துக்கொண்டு கேட்டார். வகுப்பில் தலையாட்டிவிட்டு வந்தவர் அடுத்த நாள் ஒரு ஆள் குறைவான ஷிஃப்டில் பழைய வழக்கத்துக்குத்தான் போவார். பக்கத்தில் நின்று பார்த்து, அன்றன்றைக்கே திருத்தும் ஒருவர் இல்லாத பயிற்சிக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதி வீண் என்பது என் அனுபவம்.

இப்போது நான் நடத்தும் பயிற்சியில் ஒரு சின்ன வேலை உண்டு. ஒருவரை உட்காரவைத்து, காதில் பஞ்சு வைத்து, பேசக் கூடாது என்று சொல்லிவிடுவேன். இன்னொருவர் அவருக்கு ஊட்ட வேண்டும். ஊட்டுகிறவரிடம் மட்டும் தனியாக, அவசரம் காட்டுங்கள், பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே ஊட்டுங்கள், சொல்லாமல் பின்னாலிருந்து வாயைத் துடையுங்கள் என்பேன். சில மாதம் முன்பு அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பெண், நான்காவது கரண்டியில் ஊட்டியவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துத் தள்ளிவிட்டார். அறையே அமைதியானது. அவரே பதிவேட்டை எழுதட்டும் என்று நோட்டைக் கொடுத்தேன். வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். கடைசியில் எழுதியது: ‘பின்னாலிருந்து முகத்தைத் தொட்டார்கள். பயந்துவிட்டேன்.’

பணியாளர்கள் மேல் மட்டும் பாரத்தைப் போடவும் எனக்கு மனமில்லை. குறைந்த சம்பளம், தொடர் இரவு டூட்டி, அடி வாங்கிய பிறகு ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் தராமல் அடுத்த ஆளைப் பார்க்கச் சொல்லும் மேலாளர். ‘வேண்டுமென்றே செய்கிறார்’ என்று நினைக்கும்போது நமக்குக் கோபம் கூடுகிறது, உதவும் மனம் குறைகிறது. களைத்த மனசுக்கு அந்த நினைப்பு சுலபமாக வரும். அடி வாங்கியவரை உட்காரவைத்து ‘உனக்கு எப்படி இருக்கிறது’ என்று முதலில் கேளுங்கள். முன்பு என்ன நடந்தது என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

இங்கிலாந்தில் 2016இல் ஆலிவர் மெக்கோவன் என்ற 18 வயது இளைஞர், தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று முன்பே சொல்லப்பட்டிருந்த வகை மருந்து கொடுக்கப்பட்டு இறந்துபோனார். அவருடைய தாயின் போராட்டத்துக்குப் பிறகு, 2022ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே சுகாதார, பராமரிப்புப் பணியாளர்களுக்கு அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் பற்றிய பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அவர் பெயரில் நடக்கும் அந்தப் பயிற்சியை நடத்துபவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான். அதைப் பார்த்து நானும் ஒருவரைக் கூட அழைத்துப்போக ஆரம்பித்தேன். அறிவுசார் குறைபாடு உள்ளவர், இல்லத்தில் வசிப்பவர். எனக்குத் தரும் அதே தொகை அவருக்கும் என்பது என் நிபந்தனை.

அவர் அதிகம் பேச மாட்டார். போன முறை எழுந்து நின்று, “உங்களுக்குக் கோபம் வந்தா எங்க போவீங்க?” என்று கேட்டார். மொட்டை மாடி, வெளியே ஒரு நடை, ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“எங்க ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நாங்க எங்க போறது?”

மேலாளரும் அந்த அறையில் இருந்தார். அடுத்த வாரமே தச்சர் வந்தார். இப்போது அந்த இல்லத்தில் எல்லா அறைக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது, அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கிற வகை.