சொந்த இயந்திரம் இல்லாமலும் குவாண்டம் ஆய்வு நடக்கும்

‘குவாண்டம் கணினி வாங்க வக்கில்லாத வட்டாரப் பல்கலைக்கழகம் ஆய்வுத் திட்டம் தொடங்குவது வெறும் விளம்பரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். விளம்பரத்துக்காகத் தொடங்குபவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் தவறு.

குவாண்டம் கணினியில் பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் வழிமுறையைக் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994-இல் வெளியிட்டபோது, அதை ஓட்டிப் பார்க்க உலகத்தில் எங்குமே இயந்திரம் கிடையாது. இந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற முடிவே காகிதத்தில் பிறந்ததுதான். சரி, இயந்திரத்தில் ஓட்டியே ஆக வேண்டுமா? 2016-இலேயே ஐபிஎம் தன் 5 க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) கருவியை இணையம் வழியாகத் திறந்துவிட்டது. இன்று அதைவிடப் பெரியவை கிடைக்கின்றன. என்ன, வரிசையில் காத்திருக்க வேண்டும்.

சிமுலேட்டரையும், அதாவது குவாண்டம் கணினியின் வேலையைச் சாதாரணக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருளையும், மறந்துவிட்டீர்கள். 30 க்யூபிட் நிலையை முழுதாக வைத்துக்கொள்ள 16 ஜிபி அளவு நினைவகம் போதும். 32 ஜிபி உள்ள மேசைக்கணினியே தாங்கும். ஒரு க்யூபிட் கூடினால் தேவை இரட்டிப்பாகும். 40-க்குப் போனால் 16 டெராபைட், அப்புறம் சூப்பர் கணினியைத்தான் தேட வேண்டும். க்யூபிட்டுகளில் நேரும் பிழைகளைச் சரிசெய்யும் குறியீடுகள், குவாண்டம் சுற்றுகளை (கணக்கீட்டுப் படிகளின் வரிசையை) சுருக்குவது போன்ற வேலைகளில் நிறைய இந்த எல்லைக்குள்ளேயே செய்யலாம்.

‘மைனஸ் 273 டிகிரி குளிரூட்டி இல்லாமல் முடியாது’ என்பதும் பாதி உண்மைதான். அது மீக்கடத்திச் சில்லுகளுக்கு, அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருளால் ஆன சில்லுகளுக்கு, பொருந்தும். மின்னூட்டம் பெற்ற அணுக்களைப் பிடித்து வைத்து க்யூபிட்டாகப் பயன்படுத்தும் அயனிப் பொறி வகைக்கு அந்த மில்லிகெல்வின் (தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டிய குளிர்) ஏற்பாடு தேவையில்லை.

உண்மையான தட்டுப்பாடு ஆட்கள். குறை சொல்வதென்றால், எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், இயற்பியல் துறையும் கணினித் துறையும் சேர்ந்து மாணவரை வழிநடத்துமா என்று கேளுங்கள்.